சுரங்கத்து இருட்டைக் காட்டியவருக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று உரை நல்லபடியாக முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். மறுபடி சொல்ல மனம் வரவில்லை. நான்கு வருடக் குறிப்புகள் போன பிறகும் இளம் சர்ச்சிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன் என்றால், அது நீங்கள் கொடுத்த தெம்பு.

பழைய படிகளைத் தேடித் தந்தவர்கள், போயர் போர் (தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த போர்) வரைபடத்தை மறுபடி வரைந்த தம்பி, விடிய விடியத் தட்டச்சு செய்த தோழிகள், எல்லோரையும் நேரில் வந்து பார்க்கிறேன்.

ஒருவருக்கு மட்டும் இங்கேயே நன்றி சொல்லியாக வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முன்பின் பழக்கமில்லை. போயர்களிடம் பிடிபட்டு, 1899 டிசம்பரில் பிரிட்டோரியாவில் சிறையாக இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து தப்பிய சர்ச்சில், விட்பேங்க் ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஒளிந்திருந்தாரே, அந்தப் பகுதி எனக்குப் பிடிபடவில்லை என்று கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார்.

ஜன்னலில் போர்வையைக் கட்டினார், விளக்கை அணைத்தார். "பத்து நிமிஷம் பேசாம இருங்க சார்" என்றார். கண் தோற்று, காது மட்டும் விழித்துக்கொண்டது. என் மூச்சே யாரோ பக்கத்தில் இருப்பதுபோல் கேட்டது. கடைசியில் அவர் சொன்னார்: "இங்க கதவு இடுக்குல வெளிச்சம் வருது. கீழ அதுவும் கிடையாது."

சர்ச்சிலின் மெழுகுவத்தியை எலிகள் இழுத்துப் போனதை வேடிக்கைச் சம்பவமாக எழுதி வைத்திருந்தேன். நேற்று அந்த இடத்தில் என் குரல் கம்மிவிட்டது.

வங்கப் பஞ்சத்தின்போது பிரதமராக இருந்த சர்ச்சிலை என்னால் மன்னிக்க முடியாது, மேடையிலும் சொன்னேன். ஆனால் இந்தக் கதையில் என் மனம் விட்பேங்க் சுரங்க மேலாளர் ஹோவர்டிடம்தான் போகிறது. தப்பியவன் தலைக்கு 25 பவுண்டு விலை. அப்படியும் அவர் 25 வயது அந்நியனைக் கீழே இறக்கி, சாப்பாடு கொடுத்து, பிறகு கம்பளி மூட்டைகளுக்கு நடுவே ரயிலேற்றினார். கம்பளிக்குச் சொந்தக்காரரான பர்ன்ஹாம் அதே ரயிலில் கூடவே போனார். உதவியவர்களுக்குச் சர்ச்சில் பின்னால் பெயர் பொறித்த தங்கக் கடிகாரங்கள் அனுப்பினார்.

பெரியவர் தன் பெயர் எங்கும் வரக்கூடாது என்றார். சரி. இது நூலாகும்போது முதல் பிரதி அவருக்குத்தான். அப்புறம், அந்த அத்தியாயத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய், அவர் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லிக்காட்டப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்