பொலிபியஸ் கேட்ட இரண்டாவது கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் வெளிவரும் ரோமப் பேரரசு பற்றிய தொடரைத் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற இதழில் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸை ‘வென்றவர்களின் புகழ்பாடி’ என்ற ஒற்றைச் சொற்றொடரால் கட்டுரையாளர் ஒதுக்கிவிட்டது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. கல்லூரியில் பல ஆண்டுகள் பண்டைய வரலாறு நடத்தியவன், அந்த நூலோடு நெடுங்காலம் பழகியவன் என்ற உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் சான்றாகக் காட்டுவது நூலின் தொடக்கத்தில் வரும் புகழ்பெற்ற கேள்வியை. மனிதர் வாழும் உலகம் ஏறத்தாழ முழுவதையும் 53 ஆண்டுகளுக்குள் ரோமர்கள் எவ்வாறு, எத்தகைய அரசமைப்பின் துணையால் தங்கள் ஆட்சிக்குள் கொண்டுவந்தார்கள் என்பதை அறிய விரும்பாத மந்தபுத்தி உடையவர் யார் இருக்க முடியும் என்று பொலிபியஸ் அங்கே கேட்கிறார். கி.மு. 220 முதல் 167 வரையிலான காலத்தையே அவர் குறிப்பிடுகிறார். வியப்பு நிறைந்த கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால், மாசிடோனிய அரசு வீழ்ந்த அந்த இடத்தோடு நூல் முடிந்துவிடுவதாகக் கட்டுரையாளர் எழுதியிருப்பது பிழை. முதலில் அங்கே முடிக்க எண்ணியிருந்த பொலிபியஸ், பின்னர் தம் திட்டத்தை மாற்றி, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜும் கிரேக்கத்தின் கொரிந்தும் ரோமரால் அழிந்த கி.மு. 146-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை நூலை நீட்டினார். 40 பகுதிகளில் முதல் ஐந்து மட்டுமே முழுமையாகக் கிடைத்துள்ளன; மற்றவை துண்டுகளாகவும் பிறர் எடுத்தாண்ட மேற்கோள்களாகவும் எஞ்சியுள்ளன. முதல் பகுதியை மட்டும் படித்து நிறுத்துபவர்களுக்கு அவர் ரோமின் அபிமானியாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஏன் நீட்டினார் என்பதை மூன்றாம் பகுதியில் அவரே விளக்குகிறார். வெற்றியையும் தோல்வியையும் மட்டும் வைத்து வென்றவரையோ தோற்றவரையோ எடைபோட முடியாது. மாபெரும் வெற்றியே, அதைக் கையாளத் தெரியாதவர்களுக்குப் பெருங்கேடாக முடிந்ததுண்டு. ஆகவே, வென்றவர்கள் அதன்பின் எப்படி ஆண்டார்கள், ஆளப்பட்டவர்கள் அவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதையும் எழுதியாக வேண்டும். அப்போதுதான் ரோமரின் ஆட்சி ஏற்கத் தக்கதா, தவிர்க்கத் தக்கதா என்று சமகாலத்தவர் அறிவார்கள், அது புகழுக்கு உரியதா, பழிக்கு உரியதா என்று பின்வரும் தலைமுறைகள் தீர்மானிக்கும் என்கிறார். இதையே அவருடைய இரண்டாவது கேள்வி என்பேன். புகழ்பாட வந்தவர் இப்படியொரு கேள்வியைத் தம் நூலின் நோக்கமாக அறிவித்திருப்பாரா?

இந்தக் கேள்விக்குப் பின்னால் அவருடைய வாழ்க்கை இருக்கிறது. தென் கிரேக்கத்தில் ஆர்காடியாவின் மெகலோபொலிஸ் நகரில், கிரேக்க நகரங்கள் சில சேர்ந்த அக்கேயக் கூட்டமைப்பின் தலைவர்களுள் ஒருவரான லைகோர்தாஸின் மகனாகப் பிறந்து, அக்கூட்டமைப்பின் குதிரைப்படைத் தலைவராகவும் இருந்தவர் பொலிபியஸ். கி.மு. 168-இல் பிட்னாப் போரில் ரோமத் தளபதி எமிலியஸ் பவுலஸ் மாசிடோனிய அரசர் பெர்சியஸை வென்ற பிறகு, ரோமிடம் போதிய விசுவாசம் காட்டவில்லை என்ற ஐயத்தின்பேரில், முறையான விசாரணை ஏதுமின்றி, அக்கேயர் 1000 பேர் இத்தாலிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் இவரும் ஒருவர். பவுலஸின் மகன் சிப்பியோ எமிலியானஸின் நட்பால் இவர் ரோம் நகரிலேயே தங்க முடிந்தது. 17 ஆண்டுகள் கழித்து ஊர் திரும்ப அனுமதி கிடைத்தபோது எஞ்சியிருந்தவர்கள் 300 பேருக்கும் குறைவு. அந்த அனுமதியைப் பற்றி ரோமின் ஆட்சி மன்றமான செனட்டில் நடந்த விவாதத்தில், கிழட்டுக் கிரேக்கர்கள் சிலரை அடக்கம் செய்வது இத்தாலியரா அக்கேயரா என்பதற்காகவா நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டோ (Cato) என்ற மூத்த ரோம அரசியல்வாதி சொன்னாராம். அந்தக் கிழவர்களுள் ஒருவராக வாழ்ந்தவரின் எழுத்து இது என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியிலேனும் சொல்லியிருக்கலாம்.

போர்களைப் பற்றி எழுதும்போது காரணம், சாக்கு, தொடக்கம் ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது பொலிபியஸ் வகுத்த நெறி. அதை ரோமர்களுக்கும் தயங்காமல் பொருத்துகிறார். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் நடந்த பியூனிக் போர்களுள் முதலாவதற்குப் பின், கூலிப்படையினரின் கிளர்ச்சியால் கார்த்தேஜ் நொடிந்திருந்த வேளையில், ரோம் சார்தீனியாவைப் பறித்துக்கொண்டு மேலும் 1200 தாலந்து (பண்டைய எடை அளவு) வெள்ளியும் கேட்டு வாங்கியது. இதற்கு நியாயமான காரணமோ, காட்டத் தகுந்த சாக்கோகூட இல்லை, முழுமையான அநீதி என்று அவர் எழுதுகிறார்; கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் பின்னர் ரோம்மீது தொடுத்த போருக்கான காரணங்களுள் இதையே மிகப் பெரியதாகவும் கருதுகிறார். கி.மு. 156-இல் ஏட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையில் வாழ்ந்த தல்மேஷியர்மீது தொடுத்த போரிலும் அப்படியே. தூதர்களை அவமதித்ததற்காகவே படையெடுக்கிறோம் என்று ரோம் வெளியே சொன்னது. பெர்சியஸ் போருக்குப் பின் வந்த 12 ஆண்டு அமைதியில் இத்தாலிய ஆண்கள் மென்மையடைந்துவிடக் கூடாது என்ற கவலையும் செனட்டின் முடிவுக்குக் காரணம் என்று பொலிபியஸ் பதிவு செய்கிறார்.

கட்டுரையாளர் அவசியம் படிக்க வேண்டியது 36-ஆம் பகுதி. மூன்றாம் பியூனிக் போரின் தொடக்கத்தில் கார்த்தேஜியர் ரோமிடம் சரணடைந்தனர். கேட்டபடி 300 பிள்ளைகளைப் பணயமாக அனுப்பினர். 2,00,000-க்கும் மேற்பட்ட போர்க்கவசங்களையும் 2000 கவண்பொறிகளையும் ஒப்படைத்தனர். அதன்பிறகே, நகரத்தைக் கைவிட்டுக் கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்குப் போய்க் குடியேறுங்கள் என்ற கட்டளை வந்தது. இதைப் பற்றிக் கிரேக்கர்களிடையே நிலவிய நான்கு கருத்துகளைப் பொலிபியஸ் வரிசையாகத் தருகிறார். தொடர்ந்து அச்சுறுத்தி வந்த பகைவரை ஒழித்தது அறிவுள்ள ஆட்சியாளரின் செயல் என்றனர் சிலர். வேறு சிலரோ, எதிரி பணிந்தால் போதும் என்று போரை நிறுத்தியவர்கள், பெர்சியஸ் காலம் தொட்டு ஓர் அரசையே வேரறுக்கத் தொடங்கிவிட்டார்கள், ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் சென்ற அதே ஆதிக்க வெறியின் வழியில் இவர்களும் போகிறார்கள் என்றனர். நேர்மையான போரே தங்கள் பெருமை என்று சொல்லிக்கொண்ட ரோமர், இங்கே ஒவ்வொன்றாக மறைத்து மறைத்து ஏமாற்றினார்கள் என்பது மூன்றாவது தரப்பு. தங்களை முழுவதுமாக ஒப்படைத்தவர்களிடம் எதையும் கட்டளையிட ரோமுக்கு உரிமை உண்டு, ஆகவே அநீதி ஏதும் நேரவில்லை என்பது நான்காவது. இவற்றுள் தம் கருத்து எது என்று பொலிபியஸ் சொல்லவில்லை. அந்நகரம் எரிந்தபோது, அதை அழித்த ரோமப் படையின் தளபதி சிப்பியோ எமிலியானஸின் அருகில் நின்றவர் அவர். அந்த நட்பு இருந்தும், ரோமைக் கடுமையாகக் குற்றம் சாட்டும் இரண்டு தரப்புகளையும் குறைக்காமல், திரிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னோர் இடமும் என் நினைவில் நிற்கிறது. கி.மு. 180 வாக்கில் அக்கேயத் தூதராக ரோம் சென்ற கலிக்ராதிஸ், தங்கள் நாட்டுச் சட்டங்களைவிட ரோமின் விருப்பத்தை மேலாகக் கருதுபவர்களைத் தாங்கிப் பிடியுங்கள் என்று செனட்டுக்கு அறிவுரை சொன்னார். அதுமுதல் ரோமுக்கு முகத்துதி செய்வோர் பெருகினர், உண்மை நண்பர்கள் குறைந்தனர் என்று பொலிபியஸ் எழுதுகிறார். 1000 பேர் நாடுகடத்தப்பட்டதும் அதே கலிக்ராதிஸ் தரப்பின் குற்றச்சாட்டுகளை ஏற்றே என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, முகத்துதியை அவர் எவ்வளவு வெறுத்தார் என்பது புரியும். அவரையே முகத்துதி செய்தவர் என்று அழைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அவருக்கும் சார்புகள் உண்டு. சிப்பியோவின் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது அவர் நடுநிலையாளர் அல்லர். அக்கேயரின் கிரேக்கப் போட்டியாளர்களான ஏட்டோலியர்களைப் பற்றி நல்ல சொல் சொல்வது அரிது. கி.மு. 146-இல் கொரிந்து தரைமட்டமானபோது, அதற்கான பழியில் பெரும்பங்கை அக்கேயத் தலைவர்களின் மடமைமீதே சுமத்துகிறார். அந்தத் தீர்ப்பு முழுவதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அதே கொரிந்தில், ரோமப் போர்வீரர்கள் பெயர்பெற்ற ஓவியங்களைத் தரையில் போட்டு அவற்றின்மீது தாயம் ஆடியதைத் தம் கண்ணால் கண்டதாக அவர் எழுதியிருப்பதைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். பிட்னா வெற்றிக்குப் பின் வடமேற்குக் கிரேக்கத்தின் எபிரஸ் நாட்டில் 70 ஊர்கள் அழிக்கப்பட்டு 1,50,000 பேர் அடிமைகளாக்கப்பட்ட செய்தியையும் ஸ்ட்ராபோ இவருடைய நூலிலிருந்தே எடுத்துத் தருகிறார். அதைச் செய்தவர் எமிலியஸ் பவுலஸ். பொலிபியஸின் ஆருயிர் நண்பரைப் பெற்ற தந்தை.

கட்டுரையாளர்மீது எனக்குக் குறை ஏதுமில்லை; தொடரின் மற்றப் பகுதிகள் உழைப்போடு எழுதப்பட்டவை. அடுத்த இதழில் நூல் முடியும் ஆண்டைப் பற்றிய பிழையைத் திருத்துவதோடு, இயன்றால் கார்த்தேஜ் பற்றிய அந்த நான்கு கருத்துகளையும் தமிழில் முழுமையாக வெளியிடும்படி வேண்டுகிறேன். அவை இரண்டு பக்கங்களுக்குமேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்,
கும்பகோணம்.