நூறு புளியங்கொட்டை எதற்கு: ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு மாணவர்கள் திங்கட்கிழமை ஆளுக்கு நூறு புளியங்கொட்டை கொண்டுவர வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதி அனுப்பியிருந்தோம். அது எதற்கு என்று சிலர் தொலைபேசியில் கேட்டீர்கள். சமூக அறிவியலில் இடைக்கால ஐரோப்பா பற்றிய பாடத்தை இந்த ஆண்டு எட்டுப் பாடவேளைகளில், மாணவர்களே செய்து பார்த்துக் கற்கும்படி நடத்துகிறோம். அ பிரிவில் முடிந்துவிட்டது. அங்கே கண்டதையும், நாங்கள் செய்த ஒரு தவற்றையும் உங்களுக்குச் சொல்லிவிட்டே அடுத்த பிரிவில் தொடங்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு விடைத்தாள்களில் அரசர், பிரபுக்கள், வீரர்கள், பண்ணையடிமைகள் என்ற அடுக்கை ஏறக்குறைய எல்லோரும் பிழையின்றி வரைந்திருந்தார்கள். ஆனால் பண்ணையடிமை ஏன் ஊரை விட்டுப் போய்விடவில்லை என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்குப் பெரும்பாலோர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். 'அடிமை' என்ற சொல்லும் அவர்களைக் குழப்பியிருக்க வேண்டும். அந்தக் குடியானவருக்கு வழக்கப்படி உழுதுகொள்ள நிலம் இருந்தது. அந்த நிலமே அவரைக் கட்டியும் வைத்திருந்தது.

ஆகவே வகுப்பை 1312ஆம் ஆண்டின் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றாக மாற்றினோம். நான்கு பேர் சேர்ந்தது ஒரு குடும்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சுமார் 30 ஏக்கர், அதுவும் ஒரே இடத்தில் அல்ல; மூன்று பெரிய வயல்களில் நீள நீளமான துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். விளையாட்டுத் திடலில் சுண்ணாம்பால் அந்தத் துண்டுகளைக் கோடு போட்டுக் காட்டினார் ஆசிரியை. ஒரு வயலில் கோதுமை, இன்னொன்றில் வாற்கோதுமையும் பட்டாணியும், மூன்றாவது அந்த ஆண்டு தரிசு.

நூறு கொட்டை ஒரு குடும்பத்தின் ஓர் ஆண்டு விளைச்சல். நால்வர் கொண்டுவரும் நானூறும் நான்கு ஆண்டுகளுக்கு. அக்காலத்தில் ஒரு பங்கு விதைத்தால் ஏறத்தாழ நான்கு பங்குதான் கிடைத்தது என்பதால், முதலில் 25 கொட்டையை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்க வேண்டும். பத்தில் ஒரு பங்காகத் திருச்சபைக்கு 10. பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்பதால் ஆலைக் கூலியாக ஒரு சிறு பிடி. மிச்சம் அறுபதுக்குச் சற்று மேல். இதற்கு மேல் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலியில்லா உழைப்பு; அறுவடைக் காலத்தில் இன்னும் அதிகம். குடும்பத் தலைவர் இறந்தால் வீட்டின் சிறந்த கால்நடை பிரபுவுக்கு. இவற்றையெல்லாம் மாணவர்கள் ஒரு நாள்காட்டியில் குறித்துக்கொண்டே வருவார்கள்.

நான்காம் ஆண்டு 1315. அந்த ஆண்டு ஐரோப்பாவின் வடபகுதியில் மழை விடாமல் பெய்து பயிர் அழுகி, பெரும் பஞ்சம் தொடங்கியது. எங்கள் கணக்கில் நூறு கொட்டை ஐம்பதானது. திருச்சபையின் பத்தில் ஒரு பங்கும் விதையும் போக 20. அதுவரை கூச்சலாக இருந்த வகுப்பு அப்போது அமைதியானதை வாசலில் நின்று நானே பார்த்தேன். ஒரு குழுவில் இரண்டு பேர் விதைக் கொட்டைகளின் மீது கையை வைத்து மூடிக்கொண்டார்கள். மற்ற இருவர் அதிலிருந்து பத்தாவது கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். விதைநெல்லைத் தின்பது என்றால் என்ன என்று அந்த நால்வருக்கும் இனி விளக்க வேண்டியதில்லை.

பின்வரிசை இரண்டு பெஞ்சுகள் நகரம். ஊரைவிட்டு ஓடி, உரிமைப் பட்டயம் பெற்ற நகரில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்தவர் விடுதலை பெற முடிந்தது என்பதால், யாரும் அங்கே போகலாம். ஆனால் கொட்டைகளைக் கொண்டுபோக முடியாது. சென்ற ஆண்டு காலியாக விடப்பட்ட கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது.

இனி எங்கள் தவறு. முதல் நாள் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி பிரபு, பாதிரியார், பண்ணையடிமை என்று பெயர்களை ஒதுக்கினோம். மறுநாள் ஒரு தாயார் வந்து, தம் மகளை ஏன் அடிமையாக உட்கார வைத்தீர்கள் என்று கேட்டார். நம் ஊரில் அந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். அதை முன்கூட்டியே நினைக்காதது என் பிழை. அன்றிலிருந்து பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கி எடுக்கிறோம், ஒவ்வொரு பாடவேளையிலும் மாற்றுகிறோம். யாரும் யாருக்கும் மண்டியிடுவதில்லை. உழைப்பு நாள்காட்டியில் மட்டுமே குறிக்கப்படும், நடிக்கப்படாது. வகுப்புக்கு வெளியே அந்தப் பெயரால் ஒருவரை அழைத்தால் கண்டிப்போம்.

1348இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோயையும் யாரும் நடித்துக் காட்டுவதில்லை. கொரோனாவில் உறவினரை இழந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். நாற்பது பேரில் பதினாறு பேர் சீட்டின்படி எழுந்து தாழ்வாரத்துக்குப் போவார்கள், அவ்வளவே. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இறந்த அந்த நாட்டில் ஆள் கிடைக்காத பிரபு என்ன செய்தார் என்பதை மிஞ்சிய இருபத்துநான்கு பேர் பேசித் தீர்மானிக்க வேண்டும். அ பிரிவில் கூலியை மூன்று மடங்காக்கும்படி பேரம் பேசினார்கள். நோய்க்கு முந்தைய கூலிக்கு மேல் கேட்கக் கூடாது என்ற 1351ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆசிரியை வாசித்ததும் எழுந்த எதிர்ப்பு பக்கத்து வகுப்புக்கும் கேட்டது. ஆளுக்கு 12 பென்ஸ் தலைவரி விதிக்கப்பட்டு, 1381இல் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்து, தங்கள் கடமைகள் எழுதப்பட்டிருந்த பண்ணை ஆவணங்களைப் பல ஊர்களில் எரித்தார்கள் என்றபோது, எங்கள் நாள்காட்டியைக் கிழிக்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். மதிப்பெண் அதில்தான் இருக்கிறது என்று ஆசிரியை சொன்னதும் மடித்து வைத்துக்கொண்டார்.

தேர்வு பற்றிய கவலை வேண்டாம். பாடநூல் வினாக்கள் அனைத்தும் கடைசி இரண்டு பாடவேளைகளில் எழுதி முடிக்கப்படும். ஆடை, அட்டைக் கிரீடம், வாள் எதுவும் வாங்க வேண்டாம். புளியங்கொட்டை இல்லாத வீட்டினர் வேப்பங்கொட்டையோ சிறு கூழாங்கற்களோ கொடுத்தனுப்பலாம். பாத்திரம் ஏற்க விரும்பாத மாணவருக்குக் கணக்கர் பொறுப்பு உண்டு. காரணம் கேட்க மாட்டோம், நாட்குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதும். வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு நடக்கும் கொள்ளைநோய்ப் பாடத்தைப் பார்க்க விரும்பும் பெற்றோர் வரலாம். பின்வரிசைப் பெஞ்சுகளில் மட்டும் உட்கார வேண்டாம், அது நகரம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்