உருகும் பனியும் கிரில்லின் இரையும்

அன்புள்ள மாலதி,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். நிம்மதி. கொஞ்ச நாள் கண்ணுக்கு வேலை கொடுக்காதே. இதையும் மகளை வாசிக்கச் சொல்லிக் கேள். நான் நலம்.

"பனி உருகினால் கடலில் நல்ல தண்ணீர்தானே சேருகிறது, மீனுக்கு என்ன கெடுதல்?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நன்னீர் உப்புநீரைவிட லேசானது, அதனால் மேலேயே தங்கிவிடும். அடியில் கிடக்கும் நைட்ரேட் என்ற உரச்சத்து மேலேறி வருவது கடினமாகிறது. வெளிச்சம் மேலே, உரம் கீழே. அந்தப் பற்றாக்குறையில் கடலில் மிதக்கும் நுண்பாசிகளில் பெரியவை தளர்ந்துபோக, மிகச் சிறியவை பிழைத்துக்கொள்கின்றன. ஆர்க்டிக்கின் கனடாப் படுகையில் 2004 முதல் 2008 வரை அளந்தவர்கள் இதைத்தான் கண்டார்கள். உலகக் கடல்நீரில் ஏறத்தாழ 1 சதவீதமே உள்ள ஆர்க்டிக்கில், உலக ஆற்றுநீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்து சேர்கிறது. ஓப், யெனிசெய், லேனா எல்லாம் அங்கேதான் போய்க் கலக்கின்றன. அதோடு உருகும் பனியும்.

பாசி சிறுத்தால் என்ன என்கிறாயா? பெரிய பாசியைக் கோப்பெபாட் என்ற பொடி மிதவை உயிர் நேராகத் தின்னும். அதைத் துருவக் காட் மீன், அந்த மீனைச் சீல். பாசி பொடியாகிவிட்டால் இடையில் வேறொரு நுண்ணுயிர் தின்று, அப்புறம்தான் கோப்பெபாட்டின் முறை. கைமாறும் ஒவ்வொரு தடவையும் சுமார் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சீலுக்கு எவ்வளவு குறையும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்.

தெற்கே நடப்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். அண்டார்க்டிக் தீபகற்பக் கரையோரம், உருகுநீர் பரவும் இடங்களில் டயட்டம் என்ற பெரிய பாசிகள் குறைந்து கிரிப்டோபைட் என்ற பொடிப் பாசிகள் பெருகுகின்றன. அவை சுமார் 8 மைக்ரான்தான், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இறால் போன்ற சிறிய உயிரான கிரில் தன் முன்கால்களையே சல்லடையாக வைத்து இரை பிடிக்கிறது. இத்தனை பொடி அதில் சரியாகச் சிக்குவதில்லை. கூழ் போன்ற உடல் கொண்ட சால்ப் என்ற கடலுயிர் பிடித்துவிடும். ஆனால் சால்ப்பின் உடலில் பெரும்பகுதி தண்ணீர். கிரில்லை நம்பிக் குஞ்சு வளர்க்கும் அடேலி பெங்குவினுக்கு அது எப்படி ஈடாகும்?

எல்லா உருகுநீரும் கெடுதல் என்றும் சொல்ல மாட்டேன். கிரீன்லாந்தில் கடலுக்குள் முடியும் பனியாறுகளின் அடியிலிருந்து பீறிடும் நன்னீர், மேலெழும்போது ஆழத்துச் சத்தையும் இழுத்து வருகிறது. அந்த இடங்களில் மீன்வளம் அதிகம். அதே பனியாறு பின்வாங்கித் தரையேறிவிட்டால், அதன் நீர் மேலாகவே வழிந்து போகும். சத்தைத் தூக்கிவர ஆளில்லை.

கண் தேறியதும் உன் கையால் எழுது.

என்றும் அன்புடன்,
சாந்தி