சனியின் ஒரு நாள்

அன்புள்ள மேதாவிக்கு,

பதில் போடாத பாவி என்று நீ தாடியிடம் புலம்பியது என் காதுக்கு வந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மறக்காதே. தாமதத்துக்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன், காரணமே நீதான்.

போன கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? "சனிக்கோளின் ஒரு நாள் எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்க இத்தனை வருஷமா? ஒரு புள்ளியைக் குறித்துக்கொள், அது திரும்பி வரும்போது கடிகாரத்தைப் பார்." அரைப் பக்கத்தில் உன் வாயை அடைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இழுத்துக்கொண்டு போய்விட்டது.

புள்ளிக்கு எங்கே போவாய்? செவ்வாய் என்றால் பாறை இருக்கிறது, பள்ளம் இருக்கிறது. சனியில் தரையே கிடையாது. படத்தில் தெரிகிற வெளிர் மஞ்சள் பட்டைகள் எல்லாம் அம்மோனியா மேகங்கள். நடுக்கோட்டுப் பக்கம் காற்று மணிக்கு 1,800 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது. அங்கே இருக்கிற மேகம் 10 மணி 14 நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடும். துருவப் பக்கத்து மேகத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கூடுதலாக ஆகும். இதில் எந்த மேகத்தை நம்புவாய், சொல்லு.

மேகத்தை விட்டுவிட்டு உள்ளேயிருந்து வருகிற காந்தப்புலத்தைப் பார்க்கலாம் என்பாய். வியாழனில் அந்த வழி பலித்தது. அதன் காந்த அச்சு சுழலும் அச்சிலிருந்து சுமார் 10 டிகிரி சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு சுற்றுக்கும் காந்தப்புலம் ஒரு தடவை தள்ளாடும். அதை எண்ணினால் போதும். சனியிலோ அந்தச் சாய்வு 0.01 டிகிரிகூட இல்லை. தள்ளாட்டமே இல்லாமல் எதை எண்ணுவது? இப்படி ஒரு அழுத்தமான ஆளை நான் பார்த்ததே இல்லை. (உன்னைத் தவிர.)

மிச்சமிருந்தது சனியிலிருந்து வருகிற ரேடியோ அலைகள். 1980, 81இல் வாயேஜர் விண்கலங்கள் கடந்துபோனபோது 10 மணி 39 நிமிடம் என்று கணக்கு வந்தது. பாடப் புத்தகத்திலும் அதுவே ஏறியது. 2004இல் காசினி விண்கலம் போய்ச் சேர்ந்து அதே அலைகளை அளந்தால் 10 மணி 45 நிமிடம்! பூமியைப்போல 95 மடங்கு நிறையுள்ள ஒன்று இருபது சொச்சம் வருஷத்தில் ஆறு நிமிடம் மெதுவாகிவிடுமா? நடக்காத காரியம். அப்புறம் பார்த்தால் வட பாதியிலிருந்து ஒரு கணக்கு, தென் பாதியிலிருந்து வேறொரு கணக்கு. கோளின் உள்பாகத்தை விட்டுவிட்டு வேறு எதையோதான் அந்த அலைகள் காட்டிக்கொண்டிருந்தன.

கடைசியில் காட்டிக்கொடுத்தது வளையம்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போனது. சனியின் உள்பாகம் மணி அடித்த மாதிரி ஓயாமல் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதிர்வில் நிறை இங்கும் அங்கும் கொஞ்சம் நகர, ஈர்ப்பும் இம்மியளவு கூடிக் குறைகிறது. வளையத்தில் சில குறிப்பிட்ட தூரங்களில் இருக்கிற பனித்துண்டுகளுக்கு, அவை சுற்றும் தாளமும் இந்த இழுப்பின் தாளமும் ஒத்துப்போகும். அங்கே சுருள் சுருளாக அலை எழும்பும். வளையத்தின் தடிமன் பெரும்பாலான இடங்களில் சுமார் 10 மீட்டர்தான், அதனால்தான் இவ்வளவு நுட்பமான அலைகூட அதில் பதிகிறது. வளையத்துக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம் போகும்போது அதன் ஒளி எப்படி மங்கித் தெளிகிறது என்று காசினி பதிவு செய்தது. அந்த மினுக்கலிலிருந்து அலைகளை எண்ணிவிட்டார்கள். அதை வைத்து 2019இல் மான்கோவிச் என்ற விஞ்ஞானியின் குழு சொன்ன விடை: 10 மணி 33 நிமிடம் 38 விநாடி. பிழை ஒன்றிரண்டு நிமிடத்துக்குள். இந்த வேகச் சுழற்சியில் கோளே நசுங்கியிருக்கிறது. துருவத்துக்குத் துருவம் அளந்தால் நடுக்கோட்டு விட்டத்தைவிடச் சுமார் 12,000 கிலோமீட்டர் குறைவு. ஏறக்குறைய ஒரு பூமியின் விட்டம்!

அதே அலைகள் இன்னொன்றையும் சொல்லின. உள்ளே கெட்டியான உருண்டையாக ஒரு மையம் இல்லையாம். பாறையும் பனியும் ஹைட்ரஜனோடு கலந்து, ஆரத்தில் 60 சதவீதம் வரை கரைந்து பரவிக் கிடக்கின்றன. சனியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்று தாடி இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறானா? சராசரி அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, அது உண்மை. ஆனால் மேலே வெறும் வாயு, ஆழத்திலோ தண்ணீரைவிட அடர்த்தி அதிகம். ஒழுங்காக மிதக்க அது என்ன பந்தா? நான் சொன்னால் கேட்க மாட்டான், நீயே சொல்.

இப்போது கொஞ்சம் சீரியஸாக. வளையத்தில் இப்படி அலைகள் இருக்கும் என்பதை 1990 வாக்கிலேயே மார்க் மார்லி தன் முனைவர் பட்ட ஆய்வில் எழுதிவிட்டார். 1993இல் கரோலின் போர்க்கோவும் அவரும் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். ஹெட்மன், நிக்கல்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் காசினி பதிவுகளில் அதை உறுதிசெய்தது 2013இல். நடுவில் இருபது வருஷம்! நீ எழுதி மூட்டை கட்டி வைத்திருக்கும் நோட்டுகளைப் பற்றிப் பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாய். பேசவில்லை. கரையான் அரிக்காத இடத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் கேட்கிறேன்.

சண்டை போட உனக்கு இன்னொன்றும் இருக்கிறது: வளையத்தின் வயது. 2017இல் சனிக்குள் விழுந்து எரிவதற்கு முன் காசினி வளையத்துக்கும் கோளுக்கும் இடையே 22 தடவை புகுந்து வந்தது. அப்போது வளையத்தின் நிறை மிமாஸ் என்ற குட்டித் துணைக்கோளின் நிறையில் பாதிகூட இல்லை என்று தெரிந்தது. இவ்வளவு கொஞ்சப் பனி இத்தனை சுத்தமாக இருப்பதால், வயது 10 கோடி வருஷத்துக்குள்தான் என்றது ஒரு கட்சி. 2024இல் இன்னொரு கட்சி, வந்து மோதும் தூசி ஆவியாகிப் போய்விடும், ஒட்டவே ஒட்டாது, அதனால் சுத்தமாக இருப்பதை வைத்து வயது சொல்ல முடியாது என்று கிளம்பியிருக்கிறது. மனசு இளம் வளையத்தின் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் இரண்டாவது வாதத்தைத் தள்ளவும் முடியவில்லை.

நீ எந்தப் பக்கம் என்று எழுது. என்னைப்போல மாசக்கணக்கில் இழுக்காதே. நோட்டு விஷயத்துக்குத் திட்டித்தான் எழுதுவாய் என்றால் அதுவும் சரி.

அன்புடன்,
உன் பழைய பாவி