ஐந்து லட்சம், நான்கு ஆண்டு, இரண்டு பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

“அரசுக் காப்பீடு இருக்கும்போது ஓய்வூதியர்களுக்குத் தனியார் பாலிசி எதற்கு? பணம் மிஞ்சுகிறதா?” என்று என் மைத்துனர் உட்படப் பலர் கேட்கிறார்கள். பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

2022 ஜூலையில் தொடங்கிய தமிழக அரசு ஓய்வூதியர் காப்பீட்டுத் திட்டத்துக்கு மாதப் பிடித்தம் 497 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்கு 23,856 ரூபாய். மலிவுதான். ஆனால் சிகிச்சைக்கு அது தரும் ஐந்து லட்சம் ரூபாய் வரம்பு ஆண்டுதோறும் கிடைப்பதன்று. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ‘ஆண்டுக்கு ஐந்து லட்சம்’ காதில் விழுந்து பழகியவர்கள் இதையும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள்.

2023-இல் எனக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். தொகையில் பெரும்பகுதி அதிலேயே கரைந்தது. அரசுத் திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனைதான். இருந்தும் முன்பணம் கட்டச் சொன்னார்கள். மறு ஆண்டே மனைவிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. மிச்சத் தொகை ஒரு முழங்காலுக்கும் போதவில்லை. 2021-லேயே எடுத்துவைத்த தனியார் பாலிசி அப்போது கைகொடுத்தது. பில்லில் 20 சதவீதம் மட்டும் எங்கள் பொறுப்பு. மூட்டு மாற்றுக்குப் பாலிசி எடுத்தவுடன் பணம் தரமாட்டார்கள், ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும். வலி வந்த பிறகு பாலிசி தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தனியாருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இந்த ஆண்டு பிரீமியம் 54,000 ரூபாய். அரசுத் திட்டத்துக்கு நான்கு ஆண்டுகளில் கட்டுவதைப்போல் இரு மடங்குக்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நீங்கியது உண்மையான ஆறுதல். மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த, நிறுவனங்கள் முதலில் தன்னைக் கலந்தாக வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சொல்லியிருக்கிறது. அந்தப் பத்து சதவீதமே தொடர்ந்து ஏறினால் ஏழெட்டு ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும். ஓய்வூதியம் அப்படி ஏறுமா?

எனவே அரசு இந்த நான்காண்டு வரம்பை ஆண்டு வரம்பாக்க வேண்டும். முடியாவிட்டால் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி வரம்பாவது வேண்டும். அதற்காக மாதப் பிடித்தத்தை ஆயிரமாக்கினாலும் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் ஒருவரைத் தவிர யாரும் எதிர்க்கமாட்டார்கள். அவர் தேநீர்ச் செலவையும் எதிர்ப்பவர்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்