வீட்டு லேப்டாப்பும் ஆபீஸ் ஃபைலும்

கோவை

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று மாப்பிள்ளை சொன்னான். நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். கணக்கு வாத்தியாரை உக்கடத்தில் பார்த்தேன். உன் ஜியோமெட்ரி பாக்ஸ் கதையை மனுஷன் இன்னும் விடவில்லை!

எழுத வந்த விஷயம் வேறு. உன் ஆடிட் ஆபீஸில் பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்களாம். நல்லது. ஆனால் பிள்ளைகள் கேம் விளையாடும் லேப்டாப்பிலேயே கிளையண்ட் ஃபைலைத் திறக்கிறார்களாமே? அதை உடனே நிறுத்துடா.

லாஸ்ட்பாஸ் தெரியுமல்லவா, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைத்துத் தரும் கம்பெனி? 2022-இல் அவர்களுடைய மூத்த இன்ஜினியர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் ஹேக்கர்கள் கை வைத்தார்கள். படம், பாட்டு போடுகிற ஒரு சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டை வழியாக, தட்டுகிற எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் கீலாகரை இறக்கிவிட்டார்கள். அந்த இன்ஜினியர், பூட்டி வைத்ததையெல்லாம் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டியதும் அது அவர்கள் கைக்குப் போய்விட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2020-லேயே வந்திருந்தது. பாஸ்வேர்டைக் காக்கும் கம்பெனிக்கே இந்தக் கதி!

எங்கள் ஆபீஸிலும் போன மாதம் ஒன்று நடந்தது. பொள்ளாச்சியில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கணக்குப் பிரிவுப் பொண்ணு ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிட்டது. "சார், லாகின் பண்றது நீங்கதானான்னு போன்ல கேட்டுக்கிட்டே இருக்கு. நான் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லீங்க." வந்ததற்கெல்லாம் 'இல்லை' அழுத்தியிருக்கிறது. அப்புறம் எவனோ வாட்ஸப்பில், "ஐடி டீம்தான், ஒரு தடவை ஓகே கொடுங்க" என்றானாம். அப்போதுதான் சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் ஊபரில் ஒரு கான்ட்ராக்டரை இப்படித்தான் நச்சரித்தார்கள். அவர் கடைசியில் ஒன்றுக்கு ஓகே கொடுத்துவிட்டார். ஆள் உள்ளே வந்துவிட்டான்.

அவள் பாஸ்வேர்ட் எவனிடமோ சிக்கியிருக்கிறது என்று புரிந்து, ராத்திரியே அதை மாற்றி, திறந்திருந்த லாகினையெல்லாம் துண்டித்தோம். இப்போது திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடித்தால்தான் கதவு திறக்கும். வெறும் ஓகே செல்லாது.

மறுநாள் மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? பாஸ்வேர்டை வெளியே விட்டதற்கு அந்தப் பொண்ணுக்கு மெமோ! கோபம் தாங்கவில்லை எனக்கு. நேரில் போய்ச் சண்டை போட்டுத்தான் நிறுத்தினேன். இன்றைக்கு மெமோ கொடுத்தால் நாளைக்கு எவன் கூப்பிடுவான்? இந்த மாதிரித் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து, சொல்லலாமா வேண்டாமா என்று பயந்துகொண்டே விடிய விட்டால் அந்த ஆறு மணி நேரம் போன இடம் தெரியாது. உன் ஆட்களிடம் இன்றைக்கே சொல்: எந்த நேரமானாலும் கூப்பிடலாம், திட்டு விழாது என்று. உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. வேலையை விட்டுப் போனவர்களின் லாகினை மூடினாயா? அமெரிக்காவில் பெட்ரோல், டீசல் கொண்டுபோகும் கலோனியல் பைப்லைன் 2021 மே மாதம் நின்றுபோனது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) கணக்கு வழியாக ஹேக்கர்கள் புகுந்ததால். பாஸ்வேர்ட் ஒன்றுதான் காவல். இரண்டாவது சரிபார்ப்பே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஈரோடு வருகிறேன். யாரிடம் எந்த மெஷின், யாருக்கு எந்த லாகின் என்று ஒரு தாளில் எழுதி வை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். மத்தியானச் சாப்பாடு உன் வீட்டில்தான், தங்கச்சியிடம் சொல்லிவிடு.

உன்
ரவி