நற்கருணையும் 'நினைவு' என்ற சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழாவை ஒட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட செய்தியில், "திருப்பலியின் நிறைவில் இயேசுவின் நினைவாக அனைவருக்கும் அப்பப் பிரசாதம் வழங்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்தது. செய்தியாளர் கண்ணால் கண்டதை நல்லெண்ணத்தோடு எழுதிய வரி அது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் கத்தோலிக்க வாழ்வின் உயிர்நாடியான திருப்பலி வழிபாட்டையும், அதில் உட்கொள்ளப்படும் அப்பமும் இரசமுமான நற்கருணையையும் பற்றிப் பேசும் அந்த வரியில் ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லும் சற்றே தடம் மாறியிருப்பதால், சில விளக்கங்களைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். 'பிரசாதம்' என்ற சொல்லுக்காக நான் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. எங்கள் முன்னோர் நற்கருணையைச் 'சற்பிரசாதம்' என்றே அழைத்தார்கள். அச்சொல்லின் இரு பகுதிகளையும் தமிழில் எடுத்து வைத்தால் 'நற்கருணை' என்பதே கிடைக்கும். ஆனால் இறைவனுக்குப் படைக்கப்பட்ட உணவு அருள்பெற்ற பொருளாகப் பக்தரிடம் திரும்பி வருவதைத்தான் இன்று பிரசாதம் என்கிறோம். திருப்பலியிலோ, எங்கள் நம்பிக்கையின்படி, படைப்பவரும் படைக்கப்படுபவரும் உணவாகத் தரப்படுபவரும் ஒருவரே. அந்த வேறுபாடு சொல்லில் தொலைந்துவிடக் கூடாது என்பது மட்டுமே என் கவலை.

'நினைவாக' என்ற சொல்தான் நீண்ட விளக்கம் கேட்கிறது. நினைவுநாள், நினைவுத்தூண், நினைவுமலர் என்று தமிழில் நாம் இச்சொல்லைப் பெரும்பாலும் நம்மோடு இல்லாதவர்களுக்கே ஒதுக்கி வைத்திருக்கிறோம். "என் நினைவாக இவ்வாறு செய்யுங்கள்" என்று இயேசு சொன்ன இரவு, பாஸ்கா விழாவின் சூழலில் அமைந்த இரவு. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து மூதாதையர் மீட்கப்பட்டதை யூதர்கள் பாஸ்காவில் நினைவுகூரும்போது, முடிந்துபோன பழைய செய்தியாக அதை அசைபோடுவதில்லை. ஒவ்வொரு தலைமுறையினரும் தாங்களே எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததாகக் கருத வேண்டும் என்பது அவர்களுடைய மரபு. நிகழ்ச்சியின் உள்ளே போய் நிற்பதே அங்கு நினைத்தல் எனப்படுகிறது. அந்த மரபில் வளர்ந்தவர் சொன்ன சொல்லை, பூமாலை சாத்தப்பட்ட ஒரு படத்தின் முன் நின்று நாம் நினைப்பதைப் போலப் பொருள்கொண்டால், திருப்பலி ஓர் அஞ்சலிக் கூட்டமாகச் சுருங்கிவிடும். இயேசு சிலுவையில் அறையுண்ட கல்வாரியில் ஒருமுறை நிகழ்ந்த பலி திருப்பலியில் மீண்டும் மீண்டும் நிகழ்த்தப்படுவதாகவும் திருச்சபை சொல்வதில்லை. அதே பலி, ஒப்புக்கொடுக்கும் முறை மட்டுமே வேறாக, இரத்தம் சிந்தாத வகையில் இங்கே உடனிருக்கிறது என்பதே 1562-இல் திரிதெந்து பொதுச்சங்கம் (திருச்சபை ஆயர்களின் பொதுக்கூட்டம்) அளித்த விளக்கம்.

இது பிற்காலத்தில் இறையியலார் ஏற்றி வைத்த பொருள் என்று சிலர் கருதக்கூடும். ஆனால் இறுதி இராவுணவைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையது நற்செய்தி நூல்களுக்கும் முந்தியது. அது கி.பி. 55-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் இருக்கிறது. அதிலும் அவர் புதிதாக எதையும் சொல்லாமல், தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைத்ததாக எழுதுகிறார். யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், தம் சதையை உண்பது பற்றி இயேசு பேசியதைக் கேட்டு, "இதை ஏற்றுக்கொள்ளக் கூடியவர் யார்?" என்று முணுமுணுத்தபடி சீடர் பலர் விலகிப் போகிறார்கள். அது வெறும் உருவகம் என்றால், போகிறவர்களைத் தடுத்து நிறுத்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்திருக்கும். அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை, மாறாக, எஞ்சியிருந்த பன்னிருவரையும் பார்த்து, "நீங்களும் போய்விட நினைக்கிறீர்களா?" என்று கேட்டார்.

இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் நரமாமிசம் உண்கிறார்கள் என்ற வதந்தி உரோமைப் பேரரசில் உலவியது. ஏறக்குறைய 155-இல் உரோமைப் பேரரசருக்கு முறையீடு எழுதிய கிறிஸ்தவ அறிஞர் புனித யுஸ்தீனுக்கு, "இது ஓர் அடையாளம் மட்டுமே" என்று எழுதுவதைவிடப் பாதுகாப்பான வழி வேறு இருந்திருக்க முடியாது. அவரோ, சாதாரண அப்பமாகவோ சாதாரண பானமாகவோ நாங்கள் இவற்றைப் பெறுவதில்லை என்றும், இவை மனுவுருவான இயேசுவின் சதையும் இரத்தமும் என்றே கற்பிக்கப்பட்டுள்ளோம் என்றும் எழுதினார். உயிருக்கு ஆபத்தான இடத்தில் நின்றுகொண்டு உண்மையைத் தேவைக்கு மேல் கடினமாக்கிச் சொல்ல யாரும் விரும்பமாட்டார்கள் அல்லவா?

அப்படியென்றால் அப்பத்தை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்று நண்பர் ஒருவர் ஒருமுறை என்னிடம் கேட்டார். கோதுமைதான் தெரியும். திருச்சபையும் வேறு எதையும் எதிர்பார்க்கச் சொல்லவில்லை. 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் கையாண்டு, 1551-இல் திரிதெந்து பொதுச்சங்கம் உறுதிப்படுத்திய 'உட்பொருள் மாற்றம்' என்ற கோட்பாட்டின்படி, அப்பத்தின் நிறமும் சுவையும் எடையும் இருந்தபடியே இருக்கின்றன. 'இது என்ன' என்ற கேள்விக்கான விடை மட்டுமே மாறுகிறது. கோதுமையில் உள்ள குளுட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, வசீகரம் (திருப்பலியில் குரு அப்பத்தை அர்ச்சித்தல்) செய்யப்பட்ட பின்னும் அந்த அப்பம் ஒத்துக்கொள்வதில்லை. அதனால்தான் குளுட்டன் மிகக் குறைந்த கோதுமை அப்பத்தை அவர்களுக்குத் திருச்சபை அனுமதிக்கிறது. கோதுமையே இல்லாத அப்பத்தை ஏற்பதில்லை; அப்பத்தை உட்கொள்ள முடியாதவர் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம். பக்தியின் பெயரால் மருத்துவத்தை மறுக்காத இந்தச் சிறிய ஏற்பாடு, கோட்பாட்டைப் பல பக்க விளக்கங்களைவிடத் தெளிவாக உணர்த்துவதாக எனக்குத் தோன்றுகிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டுத் தங்கள் செய்தியாளரை மட்டும் குறைசொன்னால் அது நேர்மையாகாது. 2019-இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்கக் கத்தோலிக்கரிடம் நடத்திய கருத்துக்கணிப்பில், அப்பமும் இரசமும் உண்மையாகவே கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் ஆகின்றன என்று நம்புவதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. கேள்வி அமைந்த விதத்தைப் பின்னர் சிலர் குறைகூறினார்கள். அதை ஏற்றுக்கொண்டாலும் அந்த எண் உறுத்தத்தான் செய்கிறது. நம்பிக்கையாளர்களே நின்று பதில் சொல்லத் தயங்கும் ஒன்றை, வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர் எப்படிச் சரியாக எழுதுவார்?

எங்களிடையே நற்கருணை உட்கொள்வதை 'நன்மை வாங்குதல்' என்றும், முதன்முறை உட்கொள்வதைப் 'புதுநன்மை' என்றும் சொல்லும் பழக்கம் உண்டு. அழகான வழக்குதான். ஆனால் 'வாங்குதல்' என்ற சொல், வரிசையில் நின்று எதையோ பெற்றுக்கொண்டு திரும்பும் மனநிலைக்கு எங்களை அறியாமலேயே பழக்கிவிட்டதோ என்று நான் அஞ்சுவதுண்டு. பல நூற்றாண்டுகளாக நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. தகுதியின்மை பற்றிய அச்சத்தால் மக்கள் நற்கருணை உட்கொள்வதையே அரிதாக்கிக்கொண்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பாஸ்கா காலத்தில் (இயேசுவின் உயிர்ப்பு விழாக் காலத்தில்) உட்கொள்ள வேண்டும் என்று 1215-ஆம் ஆண்டுச் சங்கம் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அடிக்கடி, இயன்றால் நாள்தோறும் உட்கொள்ளும்படி 1905-இல் ஊக்குவித்தவரும், ஏறக்குறைய ஏழு வயதில் பகுத்தறிவு பெறும் குழந்தைகளுக்கு வாசலைத் திறந்துவிட்டவரும் திருத்தந்தை பத்தாம் பயஸ். நற்கருணை உட்கொள்ளுமுன் நள்ளிரவு முதல் தண்ணீர்கூட அருந்தாமல் காத்த ஒருசந்தி என்ற நோன்பு, 1953-இல் தளரத் தொடங்கி, 1957-இல் மூன்று மணி நேரமாகவும் 1964-இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. இவையெல்லாம் பசித்தவர்களை உணவுக்கு அருகில் கொண்டுவரச் செய்த நல்ல மாற்றங்கள். நற்கருணை நிறைவானவர்களுக்குரிய பரிசு அல்ல, வலுவற்றவர்களுக்கான ஆற்றல்மிக்க மருந்தும் உணவும் ஆகும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் எழுதியதும் இதே வழியில்தான். இருப்பினும், அருகாமை மதிப்பைக் குறைத்துவிடுவது மனித இயல்பு. சாவான பாவம், அதாவது கனமான பாவம், செய்தவர் முதலில் குருவிடம் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருளடையாளத்தை நாட வேண்டும் என்ற ஒழுங்கை இன்று எத்தனை பேர் நினைத்துப் பார்த்துவிட்டு வரிசையில் நிற்கிறோம் என்பதை அவரவர் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறேன்.

கிடைக்காதபோது அதன் அருமை தெரிந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். 304-இல், உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் ஆட்சியில், தடையை மீறி ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியதற்காக வட ஆப்பிரிக்காவின் அபித்தினா நகரத்தார் 49 பேர் கைதுசெய்யப்பட்டு விசாரிக்கப்பட்டபோது, ஆண்டவரின் நாளும் விருந்தும் இன்றி எங்களால் வாழ இயலாது என்ற பொருள்படப் பதிலளித்தார்கள். நம் காலத்திற்கு அருகில், வியட்நாமின் ஆயர் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான் 1975-இல் கைதாகி, விசாரணையின்றிப் பதின்மூன்று ஆண்டுகள் சிறையில் இருந்தார். அவற்றில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்று வலிக்கு மருந்து வேண்டும் என்று அவர் எழுதியதன் உட்பொருளை உணர்ந்த நம்பிக்கையாளர்கள், மருந்து என்று குறிப்பிட்ட சிறு குப்பியில் திராட்சை இரசத்தை அனுப்பினார்கள். உள்ளங்கையே கிண்ணமாக, மூன்று துளி இரசமும் ஒரு துளி தண்ணீரும் கொண்டு அவர் திருப்பலி நிறைவேற்றினார். 1988-இல் விடுதலையாகிப் பின்னர் கர்தினாலாக உயர்ந்த அவர், தம் வாழ்விலேயே மிக அழகிய திருப்பலிகள் அவைதான் என்று குறிப்பிட்டிருக்கிறார்.

செய்தியில் 'வழங்கப்பட்டது' என்று வினை முடிந்துவிடுகிறது. கத்தோலிக்கருக்கு அங்கே வினை முடிவதில்லை. கொரிந்து நகரத் திருச்சபையில் வசதி படைத்தோர் முந்திக்கொண்டு உண்டு குடித்து மயங்கியிருக்க, ஏழைகள் பசியோடு இருந்தார்கள். அதைக் கேள்வியுற்ற பவுல், நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று கடிந்துகொண்டார். இறுதி இராவுணவைப் பற்றிய அந்த மிகப் பழைய குறிப்பு நமக்குக் கிடைத்ததே இந்தக் கண்டனத்தின் நடுவில்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நற்கருணையை நிறுவிய வார்த்தைகள் இடம்பெற வேண்டிய இடத்தில் யோவான் நற்செய்தியாளர், இயேசு சீடர்களின் காலடிகளைக் கழுவியதை எழுதி வைத்திருக்கிறார். யுஸ்தீன் விவரிக்கும் ஞாயிறு வழிபாட்டிலும், வர இயலாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுசென்றதற்கு அடுத்தபடியாக, அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் காணிக்கை சேர்க்கப்பட்ட செய்தி வருகிறது. ஆலயத்தில் கிறிஸ்துவைப் பட்டால் போர்த்திவிட்டு, வெளியே அவர் குளிரில் ஆடையின்றி வாடுவதைக் காணாமல் கடந்து போகாதீர்கள் என்று நான்காம் நூற்றாண்டில் புனித யோவான் கிறிசோஸ்தோம் எச்சரித்ததும் இதன் தொடர்ச்சியே.

குரு நற்கருணையை உயர்த்திக் காட்டி "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்ல, பெறுபவர் "ஆமென்" என்கிறார். அந்த 'ஆமென்' கையிலிருக்கும் அப்பத்துக்கு மட்டும் உரியதன்று. பீடத்தின்மேல் இருப்பது உங்களுடைய மறைபொருளே, நீங்கள் எதுவாக இருக்கிறீர்களோ அதையே பெற்றுக்கொள்கிறீர்கள் என்று புனித அகுஸ்தினார் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோரிடம் விளக்கினார். பக்கத்து இருக்கையில் இருப்பவரும் அதே உடலின் உறுப்பு என்றாகிவிட்ட பிறகு, அவரோடு பேசாமல் இருந்துகொண்டு 'ஆமென்' சொல்வது எத்தனை கடினம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இறுதியாக, 'அனைவருக்கும்' என்ற சொல். நற்கருணை வரிசையில் பிற சமயத்தவரும் பொதுவாகப் பிற திருச்சபையினரும் வருவதில்லை. இதை ஒதுக்கிவைத்தலாகக் கருத வேண்டாம். அந்த 'ஆமென்' எதற்கெல்லாம் சொல்லப்படுகிறது என்பதை மேலே எழுதியிருக்கிறேன், நம்பாத ஒன்றுக்கு அதைச் சொல்லும்படி விருந்தினரை வற்புறுத்துவது முறையாகாது. நண்பர்களின் திருமணத்திற்கோ அடக்கத்திற்கோ ஆலயம் வரும் தங்கள் வாசகர்கள் அந்த நேரத்தில் தங்கள் இருக்கையிலேயே அமைதியாக இருக்கலாம். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். அடுத்த ஆண்டு இவ்விழாவைப் பற்றி எழுத வரும் செய்தியாளருக்கு ஒரு சிறு வேண்டுகோள்: 'நற்கருணை' என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், திருப்பலி தொடங்குமுன் குருவானவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மட்டும் புகைப்படக் கருவியைச் சற்றே தாழ்த்திவையுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்